லட்சத்துல அஞ்சு பேர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல என்எம்ஆர் (நியூக்ளியர் மேக்னடிக் ரெசனன்ஸ், காந்தத்தையும் ரேடியோ அலையையும் வச்சு மூலக்கூறைப் படிக்கற முறை) லேப்ல நான் குப்பை கொட்டுற கதையை போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு சத்தியமா நினைக்கல. அதனால இந்த தடவை முழுக்க அதுதான். பேர் போடாதீங்கன்னு பாதிப் பேர் கேட்டிருந்தீங்க, சரி வம்பே வேணாம்னு யார் பேரையும் போடல.

போன மாசம் எனக்கு தலையில எம்ஆர்ஐ எடுத்தாங்க. அந்த மெஷினும் உங்க மெஷினும் ஒண்ணா? உங்களுதுல "நியூக்ளியர்"னு பேர்லயே இருக்கே, தினமும் பக்கத்துல உட்கார பயமா இல்லையா? (ஒரு வாசகி)

ரெண்டும் அக்கா தங்கச்சிங்க. மொதல்ல அந்த பயத்தைப் போக்கிடறேன். அணுவுக்கு நடுவுல இருக்குற கருவுக்கு நியூக்ளியஸ்னு பேரு, அதுல இருந்து வந்த நியூக்ளியர்தான் இது, குண்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உங்க உடம்புல இருக்குற தண்ணியில ஹைட்ரஜன் இருக்கில்ல, அதோட கரு ஒவ்வொண்ணும் ஒரு குட்டி காந்தம். பெரிய காந்தத்துக்குள்ள உங்களைப் படுக்க வச்சு ரேடியோ அலையால ஒரு தட்டு தட்டினா அதுங்க திருப்பி பதில் சொல்லும், அவ்வளவுதான். 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ-ல அந்த அலை கிட்டத்தட்ட 64 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம் ரேடியோவுக்கு கொஞ்சம் கீழ. எக்ஸ்ரே மாதிரி அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கற சக்தியெல்லாம் இதுக்கு இல்ல. உங்களை மாதிரியே நிறைய பேர் பயந்ததாலதான் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப நியூக்ளியரோட "N" எழுத்தையே தூக்கிட்டாங்க, லேப்ல நாங்க மட்டும் விடாம வச்சிருக்கோம்.

வித்தியாசம் என்னன்னா, எம்ஆர்ஐ "தண்ணி எங்க இருக்கு"ன்னு கேக்குது, நாங்க "யாரு இருக்கா", அதாவது என்ன மூலக்கூறு இருக்குன்னு கேக்குறோம். 1973-ல பால் லாட்டர்பர் காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாத்தி வச்சா படம் எடுக்கலாம்னு காட்டினாரு, அங்க இருந்துதான் உங்க ஸ்கேன் வந்துச்சு. டாக்டருங்களும் சில சமயம் எங்க பக்கம் வருவாங்க. படத்துல ஒரு கட்டி மாதிரி தெரிஞ்சா அந்த இடத்துக்கு மட்டும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி, அதாவது எந்த அதிர்வெண்ணுல எவ்வளவு சிக்னல்னு ஒரு கிராஃப் எடுத்துப் பார்ப்பாங்க, பிபிஎம்-னு எங்க அளவுகோல்ல 2.0-ல ஒரு பீக் நல்லா ஓங்கி நிக்கும், அது நரம்பு செல்லுங்க நல்லா இருக்குன்னு சொல்ற என்ஏஏ-ங்கிற பொருள். அது படுத்துடுச்சுன்னா அங்க நரம்பு செல் குறைஞ்சிருக்கு. 1.3-ல லாக்டேட் எட்டிப் பார்த்தா அந்த திசுவுக்கு ஆக்ஸிஜன் பத்தலையோன்னு யோசிக்கணும். கத்தி வைக்காமலே உள்ள இருக்குற கெமிஸ்ட்ரியைப் படிக்கறது சின்ன விஷயமா சொல்லுங்க.

எம்.எஸ்சி இயற்பியல் முடிக்கப் போறேன். பயோபிசிக்ஸ் பக்கம் போகணும்னு ஆசை. ஆனா ஸ்கூலோட பயாலஜியை விட்டாச்சு. என்னையெல்லாம் யார் சேர்த்துப்பாங்க? (ஒரு மாணவர்)

தம்பி, இந்தக் கடையைத் தொறந்ததே உங்க ஆளுங்கதான். 1945 கடைசியிலயும் 1946 ஆரம்பத்துலயும், ஹார்வர்டுல பர்செல் குரூப் மெழுகை வச்சும் ஸ்டான்ஃபோர்டுல ப்ளாக் குரூப் தண்ணியை வச்சும் இந்த சிக்னலைப் பிடிச்சாங்க. பயாலஜி யாருக்கும் மனசுலயே இல்ல, அணுக்கருவோட காந்தத்தை துல்லியமா அளக்கணும், அது ஒண்ணுதான். 1952-ல ரெண்டு பேருக்கும் நோபல். ஆனா கூடவே ஒரு எரிச்சல் வந்து சேர்ந்துச்சு, ஒரே கரு ஒவ்வொரு கெமிக்கல்ல ஒவ்வொரு அதிர்வெண்ணுல பதில் சொல்லுது, அப்ப துல்லியமா எப்படி அளக்கறது? 1951-ல ஸ்டான்ஃபோர்டுல எத்தனாலை வச்சுப் பார்த்தப்ப ஒரு கோடு வர வேண்டிய இடத்துல மூணு கோடு, அளவு 3, 2, 1. எத்தனால்ல சிஹெச்3, சிஹெச்2, ஓஹெச் இருக்குல்ல, ஹைட்ரஜன் கணக்கு அப்படியே பொருந்துது பாருங்க! அந்த பேப்பர் எழுதின மூணு பேர்ல ஒருத்தர் தர்மட்டி, நம்ம நாட்டுக்காரர், அப்புறம் மும்பை டிஐஎஃப்ஆர்-ல (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம்) என்எம்ஆரை ஆரம்பிச்சவர். அதே 1951-ல பெங்களூரு ஐஐஎஸ்சி-ல சூர்யன்னு ஒருத்தர் ஓடுற திரவத்துல என்எம்ஆர் சிக்னல் எப்படி மாறுதுன்னு பேப்பர் போட்டாரு. இன்னைக்கு ரத்த ஓட்டத்தை எம்ஆர்ஐ-ல பாக்குறோமே, அதோட வேர் எங்க இருக்கு பாத்தீங்களா. இதெல்லாம் நம்ம பசங்களுக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல, எனக்கு அதுல தனி வருத்தம்.

அப்புறம் ப்ரோட்டீன். 1957-ல ரைபோநியூக்ளியேஸ்னு ஒரு ப்ரோட்டீனை 40 மெகாஹெர்ட்ஸ் மெஷின்ல வச்சாங்க, வந்தது நாலு மேடு, அவ்வளவுதான், நூத்துக்கணக்கான ஹைட்ரஜன் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கு. அதைப் பிரிச்சுப் படிக்க இன்னும் இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. பிரிச்ச முக்கியமான ஆள் குர்ட் வூத்ரிச். சுவிட்சர்லாந்துக்காரர், கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு படிச்சாரு, கூடவே உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பும் படிச்சாரு. அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஷுல்மன் கிட்ட இருந்துட்டு 1969-ல ஜூரிச்ல இடிஹெச் பல்கலைக்கழகத்துக்குப் போனாரு, அங்க ரிச்சர்டு எர்ன்ஸ்ட் இருந்தாரு, 1971-ல ஒரு சம்மர் ஸ்கூல்ல ஜீனர் சொன்ன ஐடியாவைப் பிடிச்சு ஸ்பெக்ட்ரத்தை ஒரு கோடா இல்லாம ஒரு மேப் மாதிரி ரெண்டு பக்கமும் விரிச்சுப் போடற வித்தையைக் கொண்டு வந்தவர். இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வேலை பார்த்தவர் நம்ம ஐஐஎஸ்சி அனில் குமார், பிசிக்ஸ் ஆளு. ப்ரோட்டீன்ல எந்த ஹைட்ரஜன் எதுக்குப் பக்கத்துல இருக்குன்னு மேப்ல பார்க்கலாம்னு காட்டின 1980 பேப்பர்ல மொத பேர் அவரோடது. அஞ்சு ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள்ள இருந்தா புள்ளி தெரியும், அதுக்கு மேல போனா தெரியாது, இந்த மாதிரி நூத்துக்கணக்குல சின்னச் சின்ன தூரத்தைச் சேர்த்து முழு வடிவத்தையும் கட்டணும்.

1985-ல அப்படி ஒரு ப்ரோட்டீனோட வடிவத்தைக் கொண்டுபோய் காட்டினப்ப நிறைய பேர் நம்பல, ஏற்கனவே தெரிஞ்ச கிரிஸ்டல் ஸ்ட்ரக்சரை (ப்ரோட்டீனைப் படிகமாக்கி எக்ஸ்ரேல எடுத்த வடிவம்) பார்த்து மாடல் பண்ணிட்டீங்களோன்னு கேட்டாங்க. அப்ப கிரிஸ்டல் பக்கத்து பெரிய ஆள் ராபர்ட் ஹூபர், சரி, டென்டாமிஸ்டாட்னு ஒரு ப்ரோட்டீன் இருக்கு, நீ தனியா போடு நான் தனியா போடறேன்னு இறங்கினாரு. ரெண்டும் பொருந்திச்சு, வாய் அடைஞ்சிடுச்சு. வூத்ரிச்சுக்கு நோபல் 2002-ல.

உங்க கேள்விக்கு வர்றேன். கருவை குட்டி காந்தமாக்கற ஸ்பின், அதோட குவான்டம் மெக்கானிக்ஸ் உங்களுக்குத் தெரியும், பயாலஜி ஆளுங்க அதைப் பார்த்துதான் ஓடுவாங்க, அதனால உங்களை சந்தோஷமா சேர்த்துப்பாங்க. பயாலஜி புஸ்தகத்துல வராது, கை வச்சு கெட்டாதான் வரும். நானும் பிசிக்ஸ்தான், முதல் ப்ரோட்டீனை மூணு வாரம் பாடுபட்டு எடுத்து கான்சன்ட்ரேட் பண்ணி ராத்திரி வச்சுட்டுப் போனேன், காலையில வந்து பார்த்தா ட்யூப்ல திரிஞ்ச பால் மாதிரி வெள்ளையா நிக்குது. பிஹெச் பார்க்கல. ப்ரோட்டீனோட சார்ஜ் பூஜ்யமாகற பிஹெச்ல பஃபரை (பிஹெச் மாறாம பிடிச்சு வைக்கற கரைசல்) வச்சா அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கீழ இறங்கிடும்னு எந்த பயாலஜி பையனும் சொல்லுவான், எனக்கு மூணு வாரம் செலவு.

ஒரே சாம்பிளை நாலு நாள் மெஷின்ல வைப்போம்னு எழுதியிருந்தீங்க. நாலு நாளும் அப்படி என்ன பாப்பீங்க?

காத்துட்டு இருப்போம். ஏன்னு சொல்றேன், தலைப்பும் அதான். 600 மெகாஹெர்ட்ஸ் மெஷின்ல இருக்குற காந்தம் 14.1 டெஸ்லா, பூமியோட காந்தத்தை விட ரெண்டரை லட்சம் மடங்குக்கும் மேல. அவ்வளவு பெரிய காந்தத்துக்குள்ள போட்டும் ஹைட்ரஜன் கருவெல்லாம் சொன்ன பேச்சு கேக்காது, அறை வெப்பத்துல இந்தப் பக்கம் திரும்பினவன் எத்தனையோ கிட்டத்தட்ட அத்தனை பேர் அந்தப் பக்கமும் திரும்பி நிப்பான், ஒருத்தனை ஒருத்தன் கழிச்சு விட்டுடுவான். லட்சம் பேரை எண்ணினா இந்தப் பக்கம் கூடுதலா நிக்கறது சுமாரா அஞ்சு பேர். அந்த அஞ்சு பேர் சிக்னல்லதான் எங்க பொழப்பு ஓடுது.

அதனால ஒரு தடவை கேட்டா நாய்ஸ், அதாவது இரைச்சல்தான் கேக்கும். திரும்பத் திரும்ப கேட்டுக் கூட்டணும், சிக்னல் கூடும், நாய்ஸும் கூடும் ஆனா மெதுவா கூடும். கணக்கு கொடுமையானது, ரெண்டு மடங்கு தெளிவு வேணும்னா நாலு மடங்கு நேரம், பத்து மடங்கு வேணும்னா நூறு மடங்கு. ஒரு ராத்திரி பன்னண்டு மணி நேரம் ஓட்டினது பத்தலை, பத்து மடங்கு வேணும்னு கைடு சொன்னா அம்பது நாள் ஆகும்னு நாம பதில் சொல்லலாம், சொன்னதுக்கு அப்புறம் அவர் முகத்தைப் பார்க்கணும்.

இதுல ஹைட்ரஜன்னா பரவாயில்ல. நைட்ரஜன்ல நமக்குத் தோதான நைட்ரஜன்-15 இயற்கையில 0.4 சதவீதம்கூட கிடையாது, கார்பன்-13 சுமார் 1.1 சதவீதம். அதனால பாக்டீரியாவுக்கு நைட்ரஜன்-15 உப்பும் கார்பன்-13 குளுக்கோஸும் ஊட்டி வளர்த்து, அதுங்க கையால நம்ம ப்ரோட்டீனை செஞ்சு வாங்குவோம். கடைசியா கையில நிக்கறது அரை மில்லி, அஞ்சு மில்லிமீட்டர் கண்ணாடி ட்யூப்ல, கூட பத்து சதவீதம் கனநீர் (கனமான ஹைட்ரஜன் இருக்குற தண்ணி), அது மெஷின் தன் காந்தப்புலம் நகருதான்னு தானே சரிபார்த்துக்கறதுக்கு. ட்யூபை மேல வச்சதும் காத்து தாங்கி மெதுவா உள்ள இறக்கும், அந்த "புஸ்ஸ்" சத்தம் நின்னா உட்கார்ந்துடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஷிம் பண்ணணும், காந்தப்புலம் சாம்பிள் முழுக்க ஒரே மாதிரி இருக்கணும்ல, அதுக்கு. இப்ப கம்ப்யூட்டரே பண்ணிடுது, நாங்க ஆரம்பிச்சப்ப குமிழைத் திருகித் திருகி மணிக்கட்டு போயிடும்.

பார்க்க என்ன இருக்குன்னு கேட்டீங்க. மொதல்ல எடுக்கறது ஹெச்எஸ்க்யூசி, நைட்ரஜனையும் அதுல ஒட்டியிருக்குற ஹைட்ரஜனையும் ஜோடியா காட்டற மேப். ஒரு சதுரம், அதுல ஒரு அமினோ அமிலத்துக்கு ஒரு புள்ளி, ப்ரோலின் மட்டும் வராது, அதுக்கு அந்த ஹைட்ரஜன் இல்ல. மேல கிளைசின் கூட்டம் தனியா நிக்கும், கீழ இடது மூலையில ட்ரிப்டோஃபேன் பக்கச் சங்கிலி ஒத்தையா. புள்ளியெல்லாம் விண்மீன் மாதிரி நாலா பக்கமும் சிதறிக் கிடந்தா ப்ரோட்டீன் ஒழுங்கா மடிஞ்சிருக்கு. நடுவுல 8 பிபிஎம்முக்கும் 8.5-க்கும் இடையில ஒரே குவியலா கிடந்தா மடியல, நூல்கண்டு அவுந்து கிடக்கு, மூணு வாரம் காலி. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த சதுரம் திரையில விரியறப்ப நெஞ்சு அடிச்சுக்கும் பாருங்க, இத்தனை வருஷம் ஆகியும் அது போகல.

என் பொண்ணு இந்தத் துறையில பிஎச்டி பண்றா. எழுதின பேப்பரை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சாப்பிடாம உட்கார்ந்திருக்கா. என்ன சொல்லித் தேத்தறது? (ஒரு அப்பா)

ஐயா, மேல சொன்னேனே எர்ன்ஸ்ட், அவரும் ஆண்டர்சனும் ஒவ்வொரு அதிர்வெண்ணா தேடாம எல்லாத்தையும் ஒரே தட்டுல தட்டி ஃபூரியர் கணக்குல பிரிக்கலாம்னு எழுதின பேப்பரை ஒரு ஜர்னல் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிச்சு. வேற இடத்துல 1966-ல வந்துச்சு. 1991 நோபல்ல அதுவும் ஒரு காரணம். இன்னைக்கு உலகத்துல ஓடுற என்எம்ஆர் மெஷின் கிட்டத்தட்ட அத்தனையும் அந்த முறையிலதான் ஓடுது. லாட்டர்பரோட எம்ஆர்ஐ பேப்பரையும் மொதல்ல வேணாம்னுதான் சொன்னாங்க. ஆனா இதைச் சொன்னா உடனே சாப்பிடுவான்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன், ரெண்டு நாள் விடுங்க, மூணாவது நாள் ரிவ்யூவரைத் திட்டிக்கிட்டே தானா எழுத உட்காருவா.

குழந்தைக்காக ஆறு வருஷம் ஆராய்ச்சியை விட்டேன். இப்ப வயசு முப்பத்தொன்பது. திரும்பி வரணும்னு தோணுது, எல்லாம் கை விட்டுப் போயிருக்கும்னு பயமா இருக்கு. (ஒரு வாசகி)

சகோதரி, உங்களுக்கு மில்ட்ரெட் கோன் பத்திச் சொல்லணும். 1913-ல நியூயார்க்ல பிறந்தவங்க. காசு இல்லாம படிப்பை நடுவுல நிறுத்திட்டு விமான ஆராய்ச்சி நிறுவனத்துல வேலைக்குப் போனாங்க, எழுபது ஆம்பளைக்கு நடுவுல ஒரே பொம்பளை. காசு சேர்த்து கொலம்பியாவுக்குத் திரும்பி வந்து, கனநீர் ஹைட்ரஜனைக் கண்டுபிடிச்ச யூரி கிட்ட பிஎச்டி முடிச்சாங்க, 1938. கணவர் பிசிக்ஸ் பேராசிரியர், மூணு பிள்ளைங்க. பிஎச்டிக்கு அப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம் மத்தவங்க லேப்ல ரிசர்ச் அசோசியேட். அந்த லேப்காரங்களுக்கு நோபல் வந்துச்சு, இவங்களுக்கு பேராசிரியர் போஸ்ட்டே 1958-லதான் வந்துச்சு, நாப்பத்தஞ்சு வயசுல. இதை ஊக்கக் கதையா சொல்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம் வரும், இருபது வருஷம் அப்படி வச்சிருந்தது அநியாயம்.

ஆனா நான் சொல்ல வந்தது அந்த வயசுல அவங்க என்ன பண்ணாங்கங்கிறது. ஐசோடோப்புல பேர் வாங்கின ஆளு, அதையே பிடிச்சுட்டு இருந்திருக்கலாம், போயி என்எம்ஆர் கத்துக்கிட்டாங்க, அதுவும் ஹைட்ரஜனை விட்டுட்டு பாஸ்பரஸ்-31. உடம்போட எரிசக்தி நாணயம்னு சொல்ற ஏடிபி-ல மூணு பாஸ்பேட் வரிசையா இருக்கு, 1960 வாக்குல அதை மெஷின்ல வச்சு மூணுக்கும் தனித்தனி பீக் காட்டினாங்க. மெக்னீசியம் சேர்த்தா எந்த பீக் நகருதுன்னு பார்த்து, உலோகம் எந்த பாஸ்பேட்ல போய் ஒட்டுதுன்னு படிச்சாங்க. அதுக்கு அப்புறம் 1974-ல ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு எலிக் காலோட தசையை அப்படியே மெஷின்ல வச்சு அதே மூணு பீக்கைப் பார்த்தாங்க. இன்னைக்கு ஆள் மெஷின்ல படுத்துட்டு காலை ஆட்ட ஆட்ட தசையோட எரிசக்தி சேமிப்பான கிரியேட்டின் பாஸ்பேட் பீக் குறையறதையும் பக்கத்துல இன்னொரு பீக் ஏறறதையும் நேர்ல பார்க்கலாம், அந்த பீக் நகர்ற தூரத்தை வச்சு தசை எவ்வளவு புளிச்சிருக்குன்னு பிஹெச் கணக்குப் போடலாம். 1982-க்கான அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கம் அவங்களுக்குக் குடுத்தாங்க.

ஆறு வருஷத்துல சாஃப்ட்வேர் மாறியிருக்கும், ஸ்பின் மாறல. வீட்டுல இருந்தே ஆரம்பிங்க. பிஎம்ஆர்பி-ன்னு ஒரு தரவு வங்கி இருக்கு, ப்ரோட்டீன்களோட கெமிக்கல் ஷிஃப்ட் (எந்தக் கரு எந்த இடத்துல பீக் தருதுங்கற கணக்கு) எல்லாம் அதுல சும்மாவே கிடைக்கும், சிலதுக்கு மெஷின்ல இருந்து வந்த மூல டேட்டாவும் இருக்கு. சின்னதா ஒரு ப்ரோட்டீனை எடுத்து ஸ்பெக்ட்ரத்தை நீங்களே ப்ராசஸ் பண்ணி ஒவ்வொரு புள்ளிக்கும் பேர் வைங்க. ரெண்டு மாசம் உட்கார்ந்தா கை திரும்பி வந்துடும், ஒரு லேப் கதவைத் தட்டறப்ப காட்டறதுக்கும் கையில ஒண்ணு இருக்கும்.

ஆல்ஃபாஃபோல்டுன்னு ஒரு ஏஐ ப்ரோக்ராம் வந்து நிமிஷத்துல ப்ரோட்டீன் வடிவம் சொல்லிடுதே, உங்க கடையை மூட வேண்டியதுதானா?

கிண்டல் புரியுது. 2024-ல அதுக்கு நோபலும் குடுத்தாச்சு, நானும் தினமும் யூஸ் பண்றேன், நல்ல சரக்கு. ஆனா அது காட்டறது ஃபோட்டோ. பிபிடிஐ-ன்னு 58 அமினோ அமிலம் இருக்குற குட்டி ப்ரோட்டீன், கிரிஸ்டல்ல பார்த்தா உள்ளுக்குள்ள ஊசி நுழைய இடமில்லாம அடைச்சு வச்ச மாதிரி இருக்கும். அதுக்குள்ள டைரோசின், ஃபினைல்அலனின்ங்கிற அமினோ அமிலங்களோட வளையம் மொத்தம் எட்டு. எழுபதுகள்ல வூத்ரிச்சும் வாக்னரும் என்எம்ஆர்ல பார்த்தா அந்த வளையத்துல சிலது உள்ள இருந்தபடியே பொரட்டிப் பொரட்டிப் போட்ட மாதிரி திரும்புது! இடமே இல்லாத இடத்துல எப்படித் திரும்பும்? சுத்தி இருக்குற மொத்த ப்ரோட்டீனும் ஒரு கணம் விலகி வழி விடணும். அதாவது மூச்சு விடுது. ஃபோட்டோவுல மூச்சு தெரியாது. ஆல்ஃபா-சைநியூக்ளின்னு 140 அமினோ அமிலத்துல ஒண்ணு இருக்கு, பார்க்கின்சன் நோயோட சம்பந்தப்பட்டது, தனியா தண்ணியில விட்டா அதுக்கு நிலையான வடிவமே கிடையாது. வடிவமே இல்லாததுக்கு என்ன ஃபோட்டோ எடுப்பீங்க? கடை தொறந்துதான் இருக்கு, வாங்க.

அந்த காந்தத்தால உங்களுக்கு ஏதாவது ஏடாகூடம் ஆகியிருக்கா?

ஆகாம இருக்குமா. பர்ஸோட உள்ள போயி கார்டெல்லாம் செத்தது மூணு தடவை. காந்தத்துக்கு ஆஃப் பட்டனே கிடையாது, கம்பி திரவ ஹீலியத்துல மைனஸ் 269 டிகிரியில மூழ்கிக் கிடக்குற வரைக்கும் கரண்ட் உள்ள சுத்திக்கிட்டே இருக்கும், வெளியில இருந்து கரண்ட் குடுக்க வேண்டியதே இல்ல. ஹீலியம் குறைஞ்சு கம்பி சூடானா மொத்தமும் ஆவியாகி வெளிய பொங்கும், ஒரு லிட்டர் திரவம் எழுநூறு லிட்டருக்கும் மேல வாயுவா மாறும், அறையில ஆக்ஸிஜனைத் தள்ளிடும், கதவைத் தொறந்து ஓடிடணும். அது க்வென்ச். நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன், கண்ணாடிக்கு வெளிய நின்னு. உள்ள ஒண்ணும் தெரியல, ஒரே வெள்ளைப் புகை.

என் சொந்தத் தப்பு ஒண்ணு இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு ப்ரோப் (சாம்பிளைச் சுத்தி இருந்து சிக்னலைப் பிடிக்கற பாகம்) மாத்த காந்தத்துக்கு அடியில படுத்திருந்தேன், சட்டைப் பையில ஒரு இரும்பு ஸ்க்ரூ இருக்கறதை மறந்துட்டேன். பையில இருந்து தானா எழுந்திரிச்சு மூஞ்சிக்கு முன்னாடி ஒரு நொடி தெரிஞ்சுது, அடுத்த நொடி டொக்குனு மேல போய் ஒட்டிக்கிச்சு. கையால இழுத்தோம், பிளாஸ்டிக் பட்டை வச்சு நெம்பினோம், வரல. ஷிம்மை அதுக்குத் தகுந்த மாதிரி திரும்பப் போட்டு வேலையைப் பார்க்க ஆரம்பிச்சோம். இன்னும் அங்கதான் இருக்கு. புதுசா வர்ற பசங்களை அடியில படுக்கச் சொல்லி டார்ச் அடிச்சுக் காட்டிட்டு, பையைத் தடவிப் பார்த்துக்கோன்னு சொல்லுவேன்.